ஜெபம் பண்ணுகிற பிள்ளைக்கும் சாகணும் என்று தோன்றுமா?

கேள்வி இது: "எங்கள் வீட்டில் தினமும் குடும்ப ஜெபம் உண்டு. மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள், ஞாயிறுதோறும் கொயரில் பாடுகிறாள். போன வாரம் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'செத்துப் போயிடலாம்னு இருக்கு' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இப்படி எப்படித் தோன்றும்? மத நம்பிக்கை இருந்தால் இந்த எண்ணம் வராது என்கிறார்களே, எந்த மதத்தில் இது குறைவு? பாஸ்டரிடம் அழைத்துப் போனால் போதுமா?"

உங்கள் கேள்விக்குள் போவதற்கு முன்னால் ஒன்று. அந்த வரியைப் பார்த்ததாக மகளிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, "மக்களே, உன் நோட்டைப் பார்த்துட்டேன், கோபப்படாதே. சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். "அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கலதானே?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "இல்லை" என்ற பதிலை நாமே ஊட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

கேட்பதாலேயே இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். நேரடியாகக் கேட்கப்பட்ட பிள்ளைகளுக்கு மன உளைச்சல் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களும் முன்பு உயிரை விட முயன்றவர்களும், கேட்கப்படாதவர்களைவிடக் கொஞ்சம் தேறியே இருந்தார்கள். நான் பார்த்ததும் அதுதான். கேட்டவுடன் பிள்ளைகள் அழுவார்கள். அழுது முடித்ததும் முகம் லேசாகிவிடும்.

எப்படி, எப்போது என்றெல்லாம் யோசித்து வைத்திருப்பதாக அவள் சொன்னால், அன்று இரவு அவளைத் தனியே விடாதீர்கள். மாத்திரை மருந்து உட்பட ஆபத்தான எதுவும் கைக்கு எட்டாதபடி பூட்டிவிட்டு, அன்றே மனநல மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ போய்விடுங்கள். எந்த நேரமானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் அரசின் சுகாதார உதவி எண் 104 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இதற்கென்றே இயங்கும் ஸ்நேகாவின் எண் 044-24640050. இலங்கையில் வாசிப்பவர்களுக்கு 1926, மலேசியாவில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-76272929. உங்கள் மகளே தனியாக அழைக்கலாம், நீங்களும் அழைக்கலாம்.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன்.

பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையை நான் செய்வது கன்னியாகுமரி மாவட்டப் பள்ளிகளில். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு ஏறத்தாழ 49 பேர் இந்துக்கள், 47 பேர் கிறிஸ்தவர்கள், 4 பேர் முஸ்லிம்கள். ஒரே பெஞ்சில் மூன்று மதப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. சாகத் தோன்றுவது மதம் பார்த்து வருவதில்லை. அதை யாரிடமும் சொல்ல முடியாமல் பிள்ளையின் வாயைப் பூட்டுகிற பூட்டு மட்டும் மதத்துக்கு மதம் வேறாக இருக்கிறது.

மூன்று பிள்ளைகளைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒருவன் முஸ்லிம் பையன், பன்னிரண்டாம் வகுப்பு. ஐந்து வேளையும் தொழுபவன். மூன்றாவது சந்திப்பில்தான் வாய் திறந்தான். "ஹராம்னு தெரியும் சார். தெரிஞ்சும் நினைப்பு வருதே, அப்ப எனக்கு ஈமானே இல்லையோ?" ஈமான் என்றால் இறைநம்பிக்கை. சாகத் தோன்றியதைவிட, தோன்றிவிட்டதே என்ற பயம்தான் அவனை அதிகமாகத் தின்றுகொண்டிருந்தது. அவனுடைய வாப்பா ஜமாஅத்தில் பொறுப்பில் இருப்பவர். "வாப்பாவுக்கு அசிங்கம் சார்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

இன்னொருத்தி இந்துப் பெண், பத்தாம் வகுப்பு. மாதக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போனார்கள். "நேரம் சரியில்லை, ரெண்டரை வருஷம் பொறுத்துக்கணும்" என்றார் அவர். பெரியவர்களுக்கு அது ஆறுதல், ஒரு கெடு கிடைத்துவிட்டது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டரை வருடம் என்பது ஆயுள் தண்டனை மாதிரி.

மூன்றாமவன் கிறிஸ்தவப் பையன். தனக்கு என்னவோ ஆகிறது என்று அவனாகவே உபவாசம் இருந்து ஜெபித்திருக்கிறான், வீட்டுக்குத் தெரியாமல். "வாலிபர் கூட்டத்துல எல்லாரும் சாட்சி சொல்றாங்க சார். ஏசப்பா எல்லாருக்கும் பதில் குடுக்கிறார், எனக்கு மட்டும் குடுக்கல." அவனுக்கு இருந்தது மருத்துவர் குணப்படுத்தக்கூடிய மனச்சோர்வு. கடவுள் தன்னைக் கைவிட்டதற்கான சாட்சியாக அவன் அதை வாசித்திருந்தான்.

இந்த மூன்று பேருக்கும் நம்பிக்கை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியென்றால் நம்பிக்கையால் பயனே இல்லையா என்றால், நிச்சயமாக உண்டு. பல காலமாகத் தெரிந்த சங்கதிதான் இது. பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897-லேயே, ஐரோப்பாவில் புராட்டஸ்டன்ட் மக்களைவிடக் கத்தோலிக்கர்களிடம் தற்கொலை குறைவு என்று காட்டினார். போதனை வேறுபாட்டை அவர் காரணமாகச் சொல்லவில்லை, இரண்டு பிரிவுமே தற்கொலையைக் கண்டிக்கத்தான் செய்தன. ஆட்களை ஒருவரோடொருவர் எவ்வளவு இறுக்கமாகக் கட்டிவைக்கிறது என்பதில்தான் வித்தியாசம் என்றார். நம் பக்கத்தில், சென்னையிலும் பெங்களூரிலும் நடந்த ஆய்வுகளில், மதப்பற்று ஒரு பாதுகாப்பாகத் தெரிந்தது. தற்கொலையால் இறந்தவர்களில், வழிபாட்டுத் தலத்துக்கு எப்போதாவதுதான் போனவர்கள் அதிகம் இருந்தார்கள்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். 89 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2016-இல் வெளியானது. ஒரு மதத்தைச் சேர்ந்தவராக இருப்பது தற்கொலை முயற்சியைக் குறைக்கிறது, ஆனால் எண்ணத்தையும் குறைக்கிறது என்று சொல்ல முடியவில்லை என்பதுதான் அதன் சாரம். எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே நம்பிக்கை கையை நீட்டித் தடுக்கிறது. எண்ணம் வாசலுக்கு வருவதை அது எப்போதும் தடுப்பதில்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் மலேசியாவில் 2022-இல் பள்ளி மாணவர்களிடம் எடுத்த தேசிய ஆய்வில், எட்டில் ஒரு பிள்ளை இந்த எண்ணம் வந்ததாகச் சொன்னது. முஸ்லிம் நாடுகளில் பதிவாகும் தற்கொலை எண்ணிக்கை பொதுவாகக் குறைவு என்பது உண்மைதான். அதில் ஒரு பகுதி, வெட்கத்துக்கும் சட்டத்துக்கும் பயந்து வேறு காரணம் எழுதப்படுவது.

அதனால் எந்த மதத்தில் குறைவு என்ற கேள்வியை நான் விட்டுவிடச் சொல்வேன். நம் நாட்டுத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-இல் 13,044 மாணவர் தற்கொலைகளைப் பதிவு செய்தது. அந்த ஆண்டறிக்கையில் மதவாரிக் கணக்கு இல்லை. இருந்தாலும்கூட, உங்கள் மகள் சராசரியில் ஒரு எண் அல்ல, உங்கள் வீட்டுப் பிள்ளை.

உங்களுக்கு ஆறுதலான ஒரு ஆய்வையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மூன்று தலைமுறைக் குடும்பங்களை முப்பது வருடம் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு உண்டு. அதில் 6 முதல் 18 வயது வரையுள்ள 214 பிள்ளைகளின் விவரம் 2018-இல் வெளியானது. தங்களுக்கு மதம் முக்கியம் என்று சொன்ன பெற்றோரின் பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் குறைவாக இருந்தன. அந்தப் பிள்ளைக்கே மதம் முக்கியமாக இருந்ததா இல்லையா என்பதைத் தாண்டியும் இது நின்றது. ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவ வெள்ளையர்கள், ஆகவே நமக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் நான் அதை நம்புகிறேன், ஏனென்றால் அப்படிப்பட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பக்தி அந்த வீடுகளில் ஒரு சட்டமாக இருப்பதில்லை. ராத்திரி எல்லோரும் ஒரே பாயில் உட்காருகிற பழக்கமாக இருக்கிறது. அந்தப் பாயில் பிள்ளை எதைச் சொன்னாலும் யாரும் எழுந்து போவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைத்துப் பேசினால் பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். கென்னத் பர்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், துன்பத்தில் மனிதர்கள் கடவுளைப் பிடித்துக்கொள்வதை இரண்டு வகையாகப் பிரித்தார். "அவர் என்னோடு இருக்கிறார்" என்று பிடித்துக்கொள்வது ஒன்று. "அவர் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்" என்பது மற்றது. முதலாவது தாங்குகிறது, இரண்டாவது மனிதரை இன்னும் கீழே தள்ளுகிறது. ஒரே மதத்துக்குள், ஒரே சர்ச்சுக்குள், ஒரே வீட்டு அக்கா தங்கைக்குள்கூட இந்த இரண்டும் இருக்கும்.

தன்பால் ஈர்ப்புள்ள பிள்ளைகளிடம் இது மிகக் கூர்மையாகத் தெரியும். அமெரிக்கக் கல்லூரிகளில் 21,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் எடுத்த ஆய்வில், மற்றவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்த மதம் இவர்களுக்கு அப்படி இல்லை. மதம் தனக்கு மிக முக்கியம் என்று சொன்ன தன்பால் ஈர்ப்புள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் கூடுதலாகவே இருந்தது. வீடு கடுமையாக ஒதுக்கித் தள்ளிய இத்தகைய இளைஞர்கள் உயிரை விட முயன்றது, வீட்டில் அப்படி ஒதுக்கப்படாதவர்களைவிட எட்டு மடங்கு அதிகம் என்று 2009-இல் இன்னொரு ஆய்வு சொன்னது. உங்கள் மகளுக்கு இது பொருந்தும் என்று சொல்லவில்லை. எந்தக் காரணமும் இருக்கலாம்: படிப்பு, ஒரு பையன், வேறு சாதி வேறு மதத்தில் ஒரு காதல், யாரோ தொட்ட தொடுகை, அல்லது வெளியே காரணமே தெரியாத மனச்சோர்வு. அவள் எதைச் சொன்னாலும் முதல் ஐந்து நிமிடம் உங்கள் முகம் மாறாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் தனியாகப் போய் அழுதுகொள்ளலாம்.

பாவம், நரகம், "ஆண்டவர் கொடுத்த உயிர்" என்றெல்லாம் உடனே எடுத்துச் சொல்லத் தோன்றும். வேண்டாம். அது அவளுக்குத் தெரியாததல்ல, சண்டே ஸ்கூலிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அதை நீங்கள் சொன்ன நிமிடமே பேச்சு முடிந்துவிடும்.

நம் வேதங்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பொறுமையானவை. பைபிளில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சாவைக் கேட்கிறார். அடுத்து என்ன நடக்கிறது என்று 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கண்டிப்பு இல்லை, பிரசங்கம் இல்லை. அவர் தூங்குகிறார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, சாப்பிடு என்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். "பயணம் உனக்கு வெகுதூரம்" என்கிறான். கடவுள் பேசுவதெல்லாம் அதற்கும் பிறகு. இந்தப் பகுதியை எத்தனையோ கிறிஸ்தவப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்திருக்கிறேன். ஒரு தீர்க்கதரிசிக்கே தோன்றியிருக்கிறதா என்று அவர்கள் கண் விரிவதைப் பார்க்க வேண்டும்.

அந்த முஸ்லிம் பையனோடு நான் பேசியது குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தை. பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் மர்யம் அலைஹிஸ்ஸலாம், இதற்கு முன்பே நான் இறந்து, மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று கதறுகிறார். அவருக்கு ஈமான் இல்லை என்று யாராவது சொல்வார்களா? வந்த பதில், கவலைப்படாதே, உன் கீழே ஓடை இருக்கிறது, மரத்தை உலுக்கு, பழம் விழும், சாப்பிடு, குடி என்பது. அவனை ஒரு நல்ல ஆலிமிடமும் (மார்க்க அறிஞர்) அனுப்பினேன். "உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள்" என்ற வசனத்தைத்தான் எல்லோரும் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அதே வசனம் "அல்லாஹ் உங்கள்மீது மிக்க கருணையுள்ளவன்" என்று முடிவதை அந்தப் பெரியவர்தான் அவனுக்கு நிதானமாக ஓதிக்காட்டினார்.

சைவப் பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்வது திலகவதியாரை. பெரியபுராணத்தில் வருகிற திலகவதியாருக்கு மணம் பேசும்போது பன்னிரண்டு வயதுதான். தாய் தந்தை இருவரும் போய்விட்டார்கள், மணம் பேசிய கலிப்பகையார் போரில் இறந்துவிட்டார். இனி வாழ மாட்டேன் என்று துணிகிறார். தம்பி மருள்நீக்கியார் காலில் விழுந்து, அம்மா அப்பா போன பிறகும் உன்னைப் பார்த்துத்தான் நான் உயிரோடு இருக்கிறேன், நீயும் போனால் உனக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்று அழுகிறான். "தம்பியார் உளராக வேண்டும்" என்று வைத்த இரக்கத்தால் அவர் உயிர் தாங்கினார் என்கிறார் சேக்கிழார். அந்தத் தம்பிதான் பின்னால் அப்பர் ஆனார். இதில் நான் கவனிக்கச் சொல்வது, அந்தத் தம்பி அக்காவைக் குற்றம் சொல்லவில்லை. "இப்படிப் பண்ணினால் குடும்ப மானம் என்னாவது" என்று கேட்கவில்லை. எனக்கு நீ வேண்டும் என்று மட்டும் அழுதான். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே இருக்கிற தூரம் பெற்றோருக்குப் புரிந்தால் எனக்கு வேலை பாதி குறைந்துவிடும்.

பாஸ்டரிடம் போகலாமா என்று கேட்டீர்கள். அவள் விரும்பினால் போங்கள். அவர் கேட்கக்கூடியவரா, கேட்டதை மேடையில் உதாரணமாகச் சொல்லாதவரா என்று மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நிறையப் பேர் மாறியிருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையை எடுத்துக்கொண்டால், தற்கொலையால் இறந்தவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்த பழைய விதி 1983 சட்டத் தொகுப்பில் இல்லை. கடுமையான மன நெருக்கடி ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம் என்று 1992 மறைக்கல்வி நூலே சொல்கிறது. ஆனால் பாஸ்டர் மருத்துவருக்குப் பதில் ஆகமாட்டார். பிரார்த்தனை மட்டுமே போதும் என்று விட்டதன் விலையை நாம் 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் பார்த்தோம். சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தார்கள். இன்று அதே ஏர்வாடி தர்காவில், துஆ (பிரார்த்தனை) செய்ய வருகிறவர்களுக்கு அங்கேயே அரசு மனநல மருத்துவர் மருந்தும் தருகிறார். இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தால் சண்டையில்லை என்று அங்கே தெரிகிறது.

"போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ" என்ற பயமும் பலருக்கு உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை விட முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, அவருக்குச் சிகிச்சை தரச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை. எண்ணம் வந்திருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்வதில் எப்போதுமே வழக்கு கிடையாது. மருந்து ஆரம்பித்தால், குறிப்பாக முதல் சில வாரங்கள் அவளைக் கூடுதலாகக் கவனியுங்கள். இந்த வயதினரில் சிலருக்கு அப்போது தவிப்பு கூடலாம். அப்படிப் பட்டால் நீங்களாக மருந்தை நிறுத்தாமல் மருத்துவரை அழையுங்கள்.

கடைசியாக உங்கள் குடும்ப ஜெபம். அதை நிறுத்த வேண்டாம். ஆனால் அவள் பெயரைச் சொல்லி, "இந்தக் கெட்ட எண்ணத்தை என் பிள்ளையிடமிருந்து எடுத்துப்போடும்" என்று எல்லோர் முன்னாலும் சத்தமாக ஜெபிக்காதீர்கள். தம்பி காதில் விழும், பாட்டி காதில் விழும், அடுத்த நாள் முதல் அவள் அந்த நேரத்துக்குக் குளியலறையில் போய் நின்றுகொள்வாள். கொயருக்கு இந்த ஞாயிறு வரவில்லை என்றால் ஏன் என்று துருவாதீர்கள். ஜெபத்துக்கு முன்னால் அவளிடம் மட்டும் மெதுவாக, "இன்னைக்கு உனக்காக என்ன கேக்கட்டும் மக்களே?" என்று கேட்டுப் பாருங்கள். தூக்கம் வரணும் என்று சொல்லலாம், ஒன்றும் வேண்டாம் என்றும் சொல்லலாம். ஒன்றும் வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு, அவளைச் சாப்பிட வைத்து, அவள் தூங்கும்வரை பக்கத்தில் இருங்கள்.